காற்று எந்த வழியால் வந்தது? திருகோணமலையில் இருந்து காலநிலையைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு

ஜூன் மாதத்தில் கொழும்புக் கோட்டையில் இரவு ரயில் ஏறுபவர் மழைக்காகக் குடை பிடித்துக்கொண்டு ஏறுவார். விடிய திருகோணமலையில் இறங்கும்போது அந்தக் குடை வெயிலுக்குத்தான் உதவும். டிசம்பரில் இதே பயணத்தைச் செய்தால் கதை தலைகீழாகலாம். இரண்டு ஊர்களுக்கும் இடையே நேர்கோட்டில் 240 கிலோமீற்றர்கூட இல்லை. இரண்டும் கடற்கரை ஊர்கள், உயரத்திலும் பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு ஏன் இப்படி?

காலநிலையைப் படிக்கத் தொடங்குபவருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்காது. பாடப்புத்தகத்தைத் திறந்தால் அகலாங்கு, உயரம், கடலில் இருந்து தூரம், காற்று, நீரோட்டம், தரைத்தோற்றம் என்று காரணிகளின் பட்டியல் ஒன்று இருக்கும். பட்டியலில் பிழையில்லை. ஆனால் ஓர் ஊருக்கு எது பெரியது, எது சின்னது என்று அது சொல்லாது. திருகோணமலையைப் பொறுத்தவரை, வீசும் காற்று எங்கிருந்து புறப்பட்டு எதன் மேலாக வந்தது என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதி ஒவ்வொன்றாக வந்து சேரும். கீழே உள்ள படிகளை அந்த ஒழுங்கில்தான் வைத்திருக்கிறேன். ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். கடைசிப் படிக்கு மட்டும் ஒரு வருடமாவது வேண்டும்.

முதலாம் படி: பன்னிரண்டு தூண்கள் வரையுங்கள்

இன்று பின்னேரம் மழை வந்தால் அது வானிலை. நவம்பரில் வழமையாக எவ்வளவு மழை பெய்யும் என்பது காலநிலை. "வழமை" என்று சொல்ல உலக வானிலை ஆய்வாளர்கள் 30 வருடச் சராசரியைக் கணக்கெடுக்கிறார்கள். இப்போது பாவனையில் உள்ளது 1991 முதல் 2020 வரையான சராசரி.

ஒரு கொப்பித் தாளில் மாதத்துக்கு ஒரு தூணாகத் திருகோணமலையின் மழையை வரையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் தரவு கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் பருமட்டான கணக்கே போதும். ஜூனில் 30 மில்லிமீற்றரை எட்டுவதும் கடினம். ஓகஸ்ட், செப்டெம்பரில் 100ஐ ஒட்டி வரும். ஒக்டோபரில் 200ஐத் தாண்டும், நவம்பரும் டிசம்பரும் தலா 300க்கு மேல். ஜனவரியில் இறங்கத் தொடங்கி, மார்ச், ஏப்ரலில் 50ஐ ஒட்டி நிற்கும். வருடக் கூட்டுத்தொகை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களிலேயே கொட்டிவிடுகிறது.

லண்டனில் ஒரு வருடத்துக்கு 600 மில்லிமீற்றர் அளவில்தான் மழை. நமக்கு அதைப்போல் இரண்டரை மடங்கு. ஆனாலும் நம்முடைய ஊர் உலர்வலயம். இலங்கையில் 1,750 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெறும் பகுதி உலர்வலயம், 2,500க்கு மேல் ஈரவலயம், இடையில் உள்ளது இடைவலயம் என்று வகுத்திருக்கிறார்கள். ஆனால் எல்லைக்கோடு முக்கியமில்லை. மழையில் பெரும்பங்கு மூன்று மாதத்தில் பெய்து தீர்ந்துவிடுகிறது, வெயிலோ பன்னிரண்டு மாதமும் நீரை உறிஞ்சுகிறது. வருடத்தில் பல மாதங்கள் மண்ணில் விழுவதைவிட ஆவியாகப் போவதே கூட. கந்தளாய்க் குளம் போன்ற பெருங்குளங்களை இந்தப் பகுதியில் கட்டியவர்கள் இந்தக் கணக்கைப் புரிந்துதான் கட்டினார்கள். பெரும்போகம் மாரி மழையை நம்பி நடக்கிறது, சிறுபோகம் குளத்தை நம்பி நடக்கிறது. காட்டைப் பார்த்தாலும் இதுவே தெரியும்: பாலை, வீரை, முதிரை, கருங்காலி எல்லாம் நீண்ட வறட்சியைத் தாங்கிப் பழகிய மரங்கள்.

இரண்டாம் படி: சூரியனைக் கணக்கில் எடுத்து, சீக்கிரம் விட்டுவிடுங்கள்

திருகோணமலை ஏறத்தாழ 8.6 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. சூரியன் வருடத்தில் இரு தடவை நேர் உச்சிக்கு வரும். ஒன்று சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மற்றது ஓகஸ்ட் கடைசியில். மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியால வித்தியாசம்தான். அதனால் வெப்பநிலை பெரிதாக ஆடுவதில்லை. ஜனவரியின் சராசரி 26 பாகை செல்சியஸ் அளவில், மே, ஜூன் மாதங்களில் 30ஐ ஒட்டி. நான்கைந்து பாகைதான் வித்தியாசம். ஐரோப்பியரின் பாடநூல்கள் பருவங்களைக் குளிரையும் சூட்டையும் வைத்துப் பிரிக்கும். இங்கே அந்த அளவுகோல் உதவாது. நமக்குப் பருவம் என்றால் காற்றின் திசை.

மூன்றாம் படி: கச்சானைப் பின்னோக்கித் தொடருங்கள்

இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். இலங்கைப் படம் ஒன்றை விரித்து, மே முதல் செப்டெம்பர் வரை வீசும், நாம் கச்சான் என்று சொல்லும் காற்றைத் தென்மேற்கில் இருந்து கோடாக இழுங்கள். அந்தக் கோடு இந்து சமுத்திரத்தின் மேலாக வந்து, கொழும்பு, களுத்துறைப் பக்கம் கரையேறி, மலைநாட்டில் முட்டி, மறுபக்கம் இறங்கி நம்மிடம் வரும்.

கரையேறும்போது அந்தக் காற்று ஈரம் நிறைந்தது. மலை குறுக்கே நிற்பதால் மேலே ஏறியாக வேண்டும். நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலை 2,524 மீற்றர். மேலே போகப் போக அமுக்கம் குறையும், காற்று விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்தால் அதில் உள்ள நீராவி முகிலாகி மழையாகும். மேற்குச் சரிவில் கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரை எட்டும் மழை இப்படிக் கிடைப்பதுதான். நாம் 1,600ஐ வைத்துக்கொண்டு இருக்கிறோம்.

மழையை மேற்கே கொட்டிவிட்ட காற்று கிழக்கே இறங்குகிறது. இறங்கும்போது அமுங்கும், அமுங்கினால் சூடேறும். ஏறும்போது குளிர்ந்ததும் இறங்கும்போது சூடேறுவதும் ஒரே அளவாக இருந்தால் பழைய வெப்பநிலைக்கே திரும்பிவிடும். ஆனால் அளவு ஒன்றல்ல. முகிலோடு ஏறும் காற்று கிலோமீற்றருக்கு ஐந்தாறு பாகைதான் குளிர்கிறது, ஏனென்றால் நீராவி நீராக மாறும்போது உள்ளே இருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. ஈரம் போன பிறகு இறங்கும் காற்றோ கிலோமீற்றருக்குப் பத்துப் பாகை அளவில் சூடேறுகிறது. அதனால் மலை தாண்டி வந்த காற்று, புறப்பட்டபோது இருந்ததைவிடச் சூடாகவும் உலர்ந்தும் சமவெளிக்கு வருகிறது. இடையில் நீண்ட தூரம் காய்ந்த தரையின் மேலாக வந்து இன்னும் சூடாகிறது. கச்சான் காற்று அடிக்கும் நாளில் துணி ஒரு மணித்தியாலத்தில் காய்வதற்கும், உதடு வெடிப்பதற்கும், பகலில் 35 பாகையைத் தாண்டுவதற்கும் காரணம் இதுதான். இப்படி மலையின் மறைவில் மழை இழந்த பகுதியை மழை ஒதுக்குப் பிரதேசம் என்கிறார்கள்.

இதே மாதங்களில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கிறது, ஏனென்றால் காற்று நிலத்தில் இருந்து கடலை நோக்கிப் போகிறது. நிலாவெளி, உப்புவெளிக்கு உல்லாசப் பயணிகள் வருவது இந்தக் காலத்தில்தான். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும்போது அங்குள்ள மீனவர்கள் நம்முடைய பக்கம் வந்து வாடி அமைத்துத் தொழில் செய்வதும் இதே கணக்கில்தான்.

ஜூலை முதல் செப்டெம்பர் வரை பின்னேரத்திலும் இரவிலும் இடியோடு மழை வருகிறதே என்று கேட்பீர்கள். அது பருவக்காற்றின் மழை இல்லை. உள்நாட்டுத் தரை பகலில் கொதித்து, காற்றை மேலெழுப்பி, அங்கே முகில் திரண்டு, மேல்காற்று அதைக் கரைப் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. மேற்காவுகை மழை என்று பெயர். ஒரு தெருவில் கொட்டும், அடுத்த தெருவில் தூசி பறக்கும்.

நான்காம் படி: மாரிக்கு மறுபக்கம் பாருங்கள்

இப்போது கோட்டை வடகிழக்கில் இருந்து இழுங்கள். ஆசியாவின் உள்நாடு குளிர்ந்து அங்கே அமுக்கம் கூடும்போது காற்று தெற்கு நோக்கிப் புறப்படுகிறது. இதே காற்று கல்கத்தாவில் வறண்டது, ஏனென்றால் அங்கே அது நிலத்தின் மேலாக வருகிறது. நம்மிடம் வரும்போது வங்காள விரிகுடாவைக் கடந்து ஈரம் ஏற்றிக்கொண்டு வருகிறது. ஒரே காற்று, வந்த வழியில்தான் வேறுபாடு. சென்னையின் மழைத் தூண்களை வரைந்து பார்த்தால் அங்கும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை உயர்ந்து நிற்கும். அவர்களும் நாமும் ஒரே விரிகுடாவின் மேற்குக் கரையில் இருக்கிறோம்.

ஆனால் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். மாரி மழை முழுவதையும் வடகீழ்ப் பருவக்காற்றின் கணக்கில் போடுவது வழக்கம், அது முழுச் சரி இல்லை. வடகீழ்ப் பருவம் நிலைகொள்வது டிசம்பரில். ஒக்டோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம். அந்த நேரத்தில் வட அரைக்கோளக் காற்றும் தென் அரைக்கோளக் காற்றும் வந்து சேரும் ஒருங்கல் வலயம் சூரியனுக்குப் பின்னால் தெற்கே நகர்ந்து நம்முடைய தலைக்கு மேலாகப் போகிறது. சேரும் காற்றுக்குப் போக வேறு இடமில்லை, மேலே எழுகிறது, மழையாகிறது. அதோடு விரிகுடாவில் தாழமுக்கங்கள் உருவாகத் தொடங்கும். நவம்பர் மழையில் இவற்றின் பங்கு பெரியது.

தாழமுக்கம் வலுத்தால் சூறாவளி. பூமியின் சுழற்சி காற்றுக்குக் கொடுக்கும் திருப்பம் மத்திய கோட்டுக்கு அருகே மிகக் குறைவு, அதனால் ஐந்து பாகைக்குள் சூறாவளி உருவாவது அபூர்வம். நாம் எட்டரைப் பாகையில் இருக்கிறோம், தப்ப முடியாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி வடஇலங்கையைக் கடந்துதான் அங்கே போனது. 1978 நவம்பரில் மட்டக்களப்பு. 2000 டிசம்பர் 26இல் ஒன்று திருகோணமலைக்குத் தெற்கே கரை கடந்தது. 2020 டிசம்பர் 2இல் புரேவி நமக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே ஏறியது. மாதங்களைக் கவனியுங்கள், எல்லாம் நவம்பரும் டிசம்பரும்தான்.

மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கம் புதிதாகக் குடியேறுபவர்கள் இன்னொன்றையும் தெரிந்திருக்க வேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கலக்கிறது. மலைநாட்டில் பெய்யும் மழை உங்கள் வாசலுக்கு வர ஓரிரு நாள் எடுக்கலாம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா சூறாவளியின்போது மலையில் கொட்டிய நீர் இறங்கி வந்து இந்தப் பகுதிகளை மூழ்கடித்தது. ஆகவே வெள்ள அபாயத்தைக் கணிக்க உங்கள் ஊர் வானத்தை மட்டும் பார்த்தால் காணாது, கண்டி, நுவரெலியாவின் மழைச் செய்தியையும் கேளுங்கள்.

வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்களுக்குச் சின்னதாக ஒன்று. பாய்க்கப்பல் காலத்தில் திருகோணமலைக்காக ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்டதற்குப் பின்னாலும் இந்த வடகீழ்க் காற்றுதான் இருக்கிறது. ஒக்டோபர் வந்தால் சோழமண்டலக் கரையில் கப்பலை நிறுத்த ஒதுக்கிடம் கிடையாது. மலைகள் சூழ்ந்த நம்முடைய உட்துறைமுகத்தில் நிறுத்தலாம். 1782ஆம் ஆண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடம் இருந்து இதைப் பிடித்தார்கள். ஓகஸ்ட் முடிவதற்குள் பிரெஞ்சுத் தளபதி சுப்ரன் அவர்களிடம் இருந்து பிடித்தார். மாரிக்கு முன்னால் துறைமுகம் வேண்டும் என்ற அவசரம் அதில் இருந்தது.

ஐந்தாம் படி: கடற்கரைக்கும் கந்தளாய்க்கும் ஒரே நாளில் போய் வாருங்கள்

தரை சீக்கிரம் சூடேறி சீக்கிரம் ஆறும், கடல் இரண்டிலும் மெதுவானது. பகலில் தரைக்காற்று மேலெழ, கடலில் இருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். இரவில் மறுதலை. இதனால் கடற்கரை உப்புவெளியைவிட உள்நாட்டுக் கந்தளாயில் பகல் கூடச் சுடும், இரவு கூடக் குளிரும். கச்சான் பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று அதோடு மல்லுக்கட்டித் தோற்பதும் உண்டு. அன்று நகரமே அவியும். உயரத்தின் வேலையைப் பார்க்க நுவரெலியாவை எடுங்கள்: ஏறத்தாழ 1,900 மீற்றர், சராசரி 16 பாகையை ஒட்டி. ஆயிரம் மீற்றருக்கு ஆறரைப் பாகை குறையும் என்ற சராசரிக் கணக்கு அங்கே அழகாகப் பொருந்தும்.

ஆறாம் படி: ஒரு மாரி ஏன் அடுத்த மாரி போல் இல்லை?

இதுவரை சொன்னது எல்லா வருடத்துக்கும் பொது. ஆனால் சில வருடம் குளம் வான் பாய்கிறது, சில வருடம் விதைத்ததே முளைக்கவில்லை. இதற்கான காரணத்தின் ஒரு பகுதி பசுபிக் சமுத்திரத்தில் இருக்கிறது. அதை நோக்கி முதலில் நகர்ந்தவர்களில் ஒருவர் கில்பர்ட் வோக்கர். 1904இல் இந்திய வானிலைத் துறையின் பொறுப்பை ஏற்ற கணித அறிஞர். 1877இலும் 1899இலும் பருவமழை பொய்த்து இந்தியாவில் பெரும் பஞ்சங்கள் வந்திருந்தன. அதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று தேடியவர், பசுபிக்கிலும் இந்து சமுத்திரத்திலும் வளியமுக்கம் மாறி மாறி ஏறி இறங்குவதைக் கண்டார். பிற்காலத்தில் அது எல் நினோ, லா நினாவோடு சேர்த்து விளங்கிக்கொள்ளப்பட்டது. பசுபிக்கின் மத்தியும் கிழக்கும் வழமையைவிடச் சூடானால் எல் நினோ, குளிர்ந்தால் லா நினா.

"எல் நினோ வருகிறது, வறட்சி வரும்" என்று செய்தி வந்தால் உடனே பயப்பட வேண்டாம், எந்த மாதத்துக்கு என்று கேளுங்கள். இந்தியாவின் தென்மேல் பருவமழைக்கு அது பெரும்பாலும் பாதகமானது, உண்மை. ஆனால் இலங்கையில் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை எல் நினோ வருடங்களில் கூடும் போக்கு உள்ளது. ஜனவரிக்குப் பிறகு குறையும் போக்கு. லா நினாவில் இது மாறிவிடும். 2010–11இல் பலமான லா நினா நிலவியது. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கு மாகாணம் வெள்ளத்தில் கிடந்தது.

இன்னொன்று நம்முடைய சொந்தக் கடலில் நடக்கிறது. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பக்கம் சூடாகி, சுமாத்திராப் பக்கம் குளிர்ந்தால் அதை நேர் இருமுனை நிலை என்கிறார்கள். அப்போதும் நமக்கு இரண்டாம் இடைப்பருவ மழை கூடும். 2019இல் இது மிகப் பலமாக இருந்தது. அதே வருடம் கிழக்கு ஆபிரிக்காவில் வெள்ளம், அவுஸ்திரேலியாவில் வறட்சியும் காட்டுத்தீயும்.

இவை எல்லாம் போக்குகள்தான். சாத்தியத்தைச் சாய்க்கும், நாளும் நேரமும் குறித்துத் தராது. விதைப்புத் திகதியை இதை மட்டும் வைத்துத் தீர்மானிக்காதீர்கள்.

ஏழாம் படி: மனிதர் தொடாத காலத்து மாற்றங்கள்

காலநிலை முன்பும் மாறியிருக்கிறதே, இப்போது மட்டும் ஏன் பதற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்வி, கேலியாகக் கேட்டாலும்கூட. பதில் தெரிய, பழைய மாற்றங்களின் காரணங்களையும் வேகத்தையும் பார்க்க வேண்டும்.

மிக மெதுவானது நிலத்தட்டுகளின் நகர்வு. இலங்கை ஒரு காலத்தில் அந்தாட்டிக்காவோடும் மடகஸ்காரோடும் ஒட்டியிருந்த கொண்டுவானாப் பெருநிலத்தின் துண்டு. இந்தியத் தட்டு வடக்கே போய் ஆசியாவில் மோதத் தொடங்கி ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் எழுந்த இமயமும் திபெத்தும் இல்லாவிட்டால் நாம் மேலே கோடு இழுத்த பருவக்காற்றுகள் இந்தப் பலத்தோடு இருந்திருக்காது.

அடுத்தது பூமியின் பாதை. பூமியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 1,00,000 ஆண்டுக்கு ஒரு தடவை சற்று நீண்டும் வட்டமாகியும் மாறுகிறது. அச்சின் சாய்வு 41,000 ஆண்டுச் சுற்றில் 22 பாகைக்கும் 24.5 பாகைக்கும் இடையே ஆடுகிறது. அதோடு வேகம் குறைந்த பம்பரம் தலையாட்டுவது போல அச்சே மெல்லச் சுழல்கிறது. சேர்பியாவின் மிலங்கோவிச் இதைக் கணக்கிட்டார். இவை சூரிய ஒளியின் மொத்த அளவைப் பெரிதாக மாற்றுவதில்லை, எந்தப் பருவத்தில் எங்கே விழுகிறது என்பதை மாற்றுகின்றன. பனியுகங்கள் வந்து போனது இந்த அசைவின் தூண்டலில்தான். 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீற்றர் கீழே இருந்தது. பாக்கு நீரிணை அன்று தரை, தலைமன்னாரில் இருந்து நடந்தே போயிருக்கலாம். பிறகு பனி உருகி, வட அரைக்கோளக் கோடை பலமாகி, சில ஆயிரம் ஆண்டுகளுக்குத் தென்மேல் பருவமழை இன்றையதைவிட வலுவாக இருந்தது. ஹோட்டன் சமவெளியின் சதுப்பு மண்ணில் அடுக்கடுக்காகப் படிந்த பழைய மகரந்தத்தை எடுத்து இலங்கையில் ஈரமும் வறட்சியும் மாறிய கதையைப் படித்திருக்கிறார்கள்.

எரிமலையும் உண்டு, ஆனால் அதன் ஆட்டம் குறுகியது. 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா வெடித்து, 1816இல் ஐரோப்பாவுக்குக் கோடையே வரவில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ வெடித்து உலகம் ஏறத்தாழ அரைப் பாகை குளிர்ந்தது, இரண்டு மூன்று வருடத்தில் பழையபடி ஆனது. சூரியனின் 11 ஆண்டுச் சுற்றில் அதன் வெளிச்சம் 0.1 சதவீதம்தான் ஏறி இறங்குகிறது.

எட்டாம் படி: இன்றைய சூட்டுக்கு யார் பொறுப்பு?

காபனீரொட்சைட்டு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1856இல் யூனிஸ் ஃபுட், 1859இல் ஜோன் டிண்டல் பரிசோதித்தார்கள். 1896இல் சுவீடனின் அரேனியஸ் கையால் கணக்குப் போட்டார். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்கு இருந்தது, 1958இல் ஹவாயின் மௌனா லோவாவில் அளக்கத் தொடங்கியபோது 315, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. அந்தாட்டிக்காப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழ்களைப் பார்த்தால் கடந்த 8,00,000 ஆண்டுகளில் அது 300ஐ ஒட்டியதற்கு மேல் போகவில்லை.

இது மனிதர் எரித்ததால்தான் என்று எப்படிச் சொல்வது? பல தடயங்கள் உண்டு, எனக்கு மிகப் பிடித்தது இது. சூரியன் கூடச் சுட்டால் வளிமண்டலம் அடியில் இருந்து உச்சி வரை சூடாக வேண்டும். ஆனால் அளவீட்டில் கீழ்ப்படை சூடாகிறது, அதற்கு மேலுள்ள படைமண்டலம் குளிர்கிறது. வெப்பம் கீழே பிடித்து வைக்கப்பட்டால்தான் அப்படி நடக்கும். இரண்டாவது தடயம், காற்றில் உள்ள காபனின் சமதானி விகிதம், அதாவது எடை வேறுபட்ட காபன் அணுக்களின் விகிதம், பழைய தாவரங்களில் இருந்து வந்த நிலக்கரி, எண்ணெயின் பக்கம் சாய்ந்துகொண்டே வருவது.

2011–2020இல் உலகம் தொழிற்புரட்சிக்கு முந்திய காலத்தைவிட ஏறத்தாழ 1.1 பாகை சூடாக இருந்தது, 2024 தனியாக 1.5ஐத் தாண்டியது. சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரு பாகை சூடானால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும். மூன்று மாதத்தில் பெய்ய வேண்டியது சில நாளில் கொட்டுவதற்கு இது வழி வைக்கிறது. வருட மொத்தம் மாறாமலே வெள்ளமும் வறட்சியும் இரண்டும் கூடலாம். கடல் மட்டம் 1900இல் இருந்து உலகச் சராசரியில் 20 சென்ரிமீற்றர் அளவில் உயர்ந்துள்ளது. கடல் வழமையான கோடை உச்சத்தைவிட ஒரு பாகை சூடாகச் சில வாரம் நின்றாலே பவளம் வெளுக்கத் தொடங்கும். 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய பவள வெளுப்பு அறிவிக்கப்பட்டது. நிலாவெளிக்கு முன்னால் உள்ள புறாத்தீவின் பவளப்பாறைகளும் இந்தக் கடலில்தான் இருக்கின்றன.

ஒரு தனிச் சூறாவளியைக் காட்டி "இது காலநிலை மாற்றம்" என்று சொல்வதற்கு முன் பொறுங்கள். 1964இலும் சூறாவளி வந்தது. கடல் சூடாக இருப்பதால் இந்த மழை எவ்வளவு கூடியது என்று கேட்பது சரியான கேள்வி, அதற்குக் கணக்கு முறைகள் இருக்கின்றன. அதேபோல் கடலோரக் கிணறு உவராகிவிட்டால் எல்லாவற்றையும் கடல் மட்டத்தின் தலையில் போடாதீர்கள். பக்கத்தில் மோட்டர் போட்டு அளவுக்கு மிஞ்சி இறைத்தாலும் அதேதான் நடக்கும்.

ஒன்பதாம் படி: சேர்க்கக் கூடாதவற்றைச் சேர்க்காதீர்கள்

2004 டிசம்பர் 26 சுனாமி கடலடி நிலநடுக்கத்தால் வந்தது, காலநிலையோடு சம்பந்தம் இல்லை. கன்னியா வெந்நீர் ஊற்றுகளின் சூடு நிலத்தடியில் இருந்து வருகிறது. ஓசோன் ஓட்டையால் உலகம் சூடாகிறது என்று இன்றும் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் கேட்கிறேன், அவை வேறு வேறு பிரச்சினைகள். "எங்கட சின்ன வயசில இப்படி வெயில் இல்லை" என்ற பேச்சு உண்மையாகவும் இருக்கலாம், முற்றத்து மரம் போய் சீமெந்துத் தரை வந்ததாகவும் இருக்கலாம். பதிவைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

பத்தாம் படி: சொந்தப் பதிவு ஒன்று தொடங்குங்கள்

அகன்ற பிளாஸ்டிக் போத்தல் ஒன்றின் தலைப்பகுதியை வெட்டி, கவிழ்த்து அதே போத்தலுக்குள் புனலாக வையுங்கள். சாய்ந்துவிடாமல் நிலத்தில் கொஞ்சம் புதைத்து, வாய் தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். சுவரோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தள்ளி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் கூரைத் துளியைத்தான் அளப்பீர்கள். தினமும் காலை 8.30க்கு நீரை மருந்து அளக்கும் குவளையில் ஊற்றுங்கள். திணைக்களமும் அந்த நேரத்தில்தான் 24 மணிக் கணக்கை எடுக்கிறது, அதனால் ஒப்பிடலாம். மில்லிலீற்றரைப் பத்தால் பெருக்கி, வாயின் பரப்பால் வகுத்தால் மழை மில்லிமீற்றரில் வரும். வாய் 10 சென்ரிமீற்றர் விட்டம் என்றால் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். 100 மில்லிலீற்றர் கிடைத்தால் 12.7 மில்லிமீற்றர்.

மழை எண்ணுக்குப் பக்கத்தில் காற்று எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று எழுதுங்கள், மழை வந்த நேரத்தையும் எழுதுங்கள். இவை இல்லாவிட்டால் பின்னேர இடிமழையையும் தாழமுக்க மழையையும் பிறகு பிரிக்க முடியாது. மழை இல்லாத நாளுக்கு வெறுமனே விடாமல் பூச்சியம் போடுங்கள், மறந்த நாளுக்குக் கோடு போடுங்கள், இரண்டும் ஒன்றில்லை. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் என்றால் ஒரு லீற்றர். 50 சதுர மீற்றர்க் கூரைக்கு வருடத்தில் ஏறத்தாழ 80,000 லீற்றர் விழுகிறது. கூரைநீர்த் தாங்கி கட்ட நினைப்பவர்கள் எந்த மாதத்தில் எவ்வளவு நிரம்பும் என்பதை இந்தக் கொப்பியில் இருந்தே கணக்கிடலாம்.

தொடங்க நல்ல நேரம் செப்டெம்பர். கச்சானின் கடைசியும் மாரியின் முதலும் ஒரே பதிவில் விழும். அளந்து முடிந்ததும் போத்தலைக் கவிழ்த்து முழுதாக ஊற்றிவிடுங்கள், கிடக்கும் நீரில் நுளம்பு முட்டையிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.